மறுநாள் காலையில் வேலைக்கு ஆகிற வீட்டுப்பாடம் கொடுப்பது எப்படி

சென்னிமலைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை கணக்கு எடுக்கிறேன். ஜூனில் பள்ளி திறந்ததும் நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் இரண்டு தரப்பும் வந்துவிடும். "ஏனுங் டீச்சர், வீட்டுக்கு ஒண்ணும் எழுதக் குடுக்கறதில்லீங்களா? பொழுதோட பையன் சும்மா சுத்திட்டிருக்கறானுங்க" என்பார் ஒருவர். "எங்கண்ணன் புள்ள டவுன்ல படிக்குதுங்க, ராத்திரி பத்து மணி வரைக்கும் எழுதுதுங்க, பாக்கவே பாவமா இருக்குதுங்க" என்பார் இன்னொருவர். இருவருக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். எத்தனை பக்கம் என்பதை வைத்து வீட்டுப்பாடத்தை எடை போட முடியாது. பிள்ளை அதைத் தானாகச் செய்ததா? அதைப் பார்த்துவிட்டு மறுநாள் ஆசிரியர் எதையாவது மாற்றிச் சொல்லிக் கொடுத்தாரா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் அது நல்ல வீட்டுப்பாடம். இல்லை என்றால் நோட்டும் பிள்ளையின் மாலை நேரமும்தான் செலவு.

இதைச் செய்வதற்கு நான் கடைப்பிடிக்கிற முறைகளை எழுதுகிறேன். ஆசிரியர்களுக்குத்தான் முதலில், பெற்றோருக்கும் கீழே இருக்கிறது.

நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

மத்திய அரசு 2020-இல் வெளியிட்ட பள்ளிப் பை கொள்கை வீட்டுப்பாடத்துக்கும் அளவு சொல்கிறது. இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கிடையாது. மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம். ஆறு முதல் எட்டு வரை நாளுக்கு 1 மணி நேரம். அதற்கு மேல் உள்ள வகுப்புகளுக்கு நாளுக்கு 2 மணி நேரம். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2018-இலேயே சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் யு.கே.ஜி. பிள்ளை விரல் வலிக்க நான்கு பக்கம் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். அந்த வயதில் ஆத்தாவோடு பல்லாங்குழி ஆடினால் எண்ணிக்கை வரும், அப்புச்சி கதை சொன்னால் பேச்சு வரும். அது போதும்.

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பரும் அவர் குழுவினரும் 1987 முதல் 2003 வரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2006-இல் எழுதினார்கள். வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு ஏழாம் வகுப்பும் அதற்கு மேலும் படிக்கிற பிள்ளைகளிடம் தெளிவாகத் தெரிந்தது. சின்ன வகுப்புகளில் அது மிகவும் குறைவு. ஆகவே சிறு பிள்ளைகளுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் கூடுதலாகப் படிக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் பலமாக இல்லை.

ஒரு மணி நேரம் என்பது எல்லாப் பாடத்துக்கும் சேர்த்துத்தான். இங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம். ஐந்து பாட ஆசிரியர்கள் "அரை மணி நேர வேலைதானே" என்று ஆளுக்கொன்று கொடுத்தால் பிள்ளைக்கு இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். எங்கள் பள்ளியில் கரும்பலகையின் வலது ஓரத்தை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். யார் வீட்டுப்பாடம் கொடுத்தாலும் பாடத்தின் பெயரையும் நிமிடத்தையும் அங்கே எழுத வேண்டும். 'தமிழ் 20, அறிவியல் 15' என்று ஏற்கெனவே இருந்தால் எனக்கு மிச்சம் 25. ஐந்தாவது பீரியட் எடுக்கிறவருக்கு ஒன்றும் மிஞ்சாவிட்டால் அன்று அவர் கொடுப்பதில்லை. நாளைக்கு அவருக்கு முன்னுரிமை.

எத்தனை நிமிடம் ஆகும் என்று எப்படித் தெரியும்? நான் முதலில் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிடுவேன். எனக்கு ஐந்து நிமிடம் ஆனால் பிள்ளைகளுக்குப் பதினைந்து என்று கணக்கு. நடுத்தரமாகப் படிக்கிற பிள்ளைக்கு அது ஏறக்குறையச் சரியாக வரும்.

தானாகச் செய்ய முடிகிறதை மட்டும் அனுப்புங்கள்

எங்கள் பக்கத்து வீடுகள் எப்படி என்று தெரிந்தால் இது ஏன் என்று புரியும். அம்மா திருப்பூர் பனியன் கம்பெனி பஸ்ஸில் போனால், ஓவர்டைம் இருக்கிற நாளில் வீடு வந்து சேர ஒன்பது ஆகும். அப்பா தறிக்குடோனில் நைட் ஷிப்ட். பெருந்துறை சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகளும் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் தமிழ்ப் புத்தகத்தைப் படித்துச் சொல்ல ஆளே கிடையாது. 'பெற்றோர் உதவியுடன் செய்து வருக' என்று எழுதி அனுப்பினால், உதவி கிடைக்கிற நான்கு பிள்ளைகளுக்கு நல்ல பெயர், மற்றவர்களுக்குத் திட்டு. அது நியாயமே இல்லை.

அதனால் புதுப் பாடத்தை வீட்டுக்கு அனுப்புவதில்லை. வகுப்பில் சொல்லிக் கொடுத்து, ஒரு முறையாவது செய்து பார்த்ததுதான் வீட்டுக்குப் போகும். இன்னொன்று, வீட்டுப்பாடத்தை வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள். மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு முதல் கணக்கைப் போடச் சொல்லிவிட்டு வரிசைக்கு நடுவே ஒரு நடை நடந்தால், யார் கேள்வியைப் படிக்கும்போதே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஓரிரண்டு பேர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடலாம். பாதி வகுப்பு முழிக்கிறதா? அன்றைக்கு வீட்டுப்பாடத்தை ரத்து செய்துவிட்டு மறுநாள் அதே பாடத்தைத் திரும்ப எடுங்கள். அட்டவணை ஒரு நாள் தள்ளிப் போவதால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

ஒரே மாதிரிக் கணக்காகப் பத்து கொடுக்காதீர்கள்

பயிற்சிப் பக்கத்தில் 1 முதல் 10 வரை போட்டு வா என்பது நமக்குச் சுலபம். ஆனால் இரண்டாவது கணக்கிலேயே பிள்ளைக்கு வழி பிடிபட்டுவிடும். மீதி எட்டுக்குக் கை மட்டும்தான் ஓடும். தேர்வில் எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று தானே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்போது அதே பிள்ளை திகைத்து நிற்கும்.

நான் ஐந்து கணக்கு கொடுத்தால் இரண்டு இன்றைய பாடம், ஒன்று போன வாரத்தது, ஒன்று போன மாதத்தது, ஒன்று போன வகுப்பில் படித்தது. ஏழாம் வகுப்பில் சதவீதம் நடக்கும்போது ஒரு பின்னக் கழித்தல், ஓர் இணைகரத்தின் பரப்பு, ஒரு குறை எண் கூட்டல் எல்லாம் வரிசை மாறி வரும். பிள்ளைகள் முனகத்தான் செய்வார்கள். தெற்கு புளோரிடா பல்கலைக்கழகத்தின் ரோரரும் டெய்லரும் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்து 2007-இல் எழுதினார்கள். ஒரே வகையாகப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது அதிகம் சரியாகப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் அவர்கள் 20 சதவீதம் எடுக்க, கலந்து பயிற்சி செய்தவர்கள் 63 சதவீதம் எடுத்தார்கள். வீட்டுப்பாட நோட்டில் தப்பு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்று எனக்குத் தைரியம் கொடுத்தது இதுதான்.

வீட்டில் இருக்கிற எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்

எங்கள் ஊரில் பாதி வீட்டில் எருமையோ மாடோ உண்டு. காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுவார்கள். பால் அட்டையில் தேதி, லிட்டர், ஃபேட் (கொழுப்பு), எஸ்.என்.எஃப். (கொழுப்பு போக மீதியுள்ள திடச்சத்து), விலை என்று கட்டம் கட்டமாக எண்கள் இருக்கும். ஏழாம் வகுப்புத் தசம எண்களுக்கு இதைவிட நல்ல பயிற்சித்தாள் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஐந்து நாள் எண்களை எழுதி வா, ஒரு நாளைக்கு இரண்டு வேளையும் சேர்த்து எவ்வளவு என்று கூட்டு, எந்த நாள் அதிகம், எந்த நாள் குறைவு, சராசரி என்ன. அவ்வளவுதான் வேலை. மாடு இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பலகையில் நானே ஓர் அட்டை எழுதிப் போட்டுவிடுவேன்.

கரண்ட் ரீடிங்கும் நல்லது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கிறார்கள், வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். போன ரீடிங்கை இந்த ரீடிங்கில் கழித்து, இலவசம் போக எத்தனை யூனிட்டுக்குக் காசு என்று கேட்கலாம். ஜமக்காளத்திலோ போர்வையிலோ எத்தனை நிறப் பட்டை, ஒவ்வொன்றும் எத்தனை செ.மீ. அகலம் என்று அளந்து வரச் சொன்னால் விகிதம் வந்துவிடும்.

ஆனால் ஒன்று. அப்பாவின் சம்பளம் எவ்வளவு, வீட்டில் என்னென்ன சாமான் இருக்கிறது, கடன் எவ்வளவு என்பதையெல்லாம் கேட்காதீர்கள். வகுப்பில் அதை வாசிக்கும்போது ஒரு பிள்ளை தலை குனியும். கணக்கு சொல்லித் தருவதற்கு அது தேவையே இல்லை.

நோட்டைப் பார்ப்பதுதான் பாதி வேலை

வீட்டுப்பாடத்தில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். மேலதிகாரி பார்வைக்கு வரும்போது எல்லாப் பக்கத்திலும் சிவப்பு மையும் தேதியும் இருக்க வேண்டும் என்பதற்காக முப்பது நோட்டிலும் டிக் அடித்துக்கொண்டே போகிறோம். கையெழுத்து இருக்கட்டும், அது வேறு. பிள்ளை என்ன நினைத்து எழுதியது என்று பார்க்க, ஒரே ஒரு கணக்கைத் தேர்ந்தெடுத்து எல்லா நோட்டிலும் அதை மட்டும் படியுங்கள். மற்றவற்றுக்கு விடையைப் பலகையில் எழுதிவிட்டால் பிள்ளைகளே சரிபார்த்துக்கொள்வார்கள்.

ஓர் உதாரணம். காலையில் 4.2 லிட்டர், மாலையில் 3.85 லிட்டர், மொத்தம் எவ்வளவு? காலை வணக்கக் கூட்டத்துக்கு முன்னால் லீடர் நோட்டுகளை அடுக்கி வைத்திருப்பான். நான் அவற்றை மூன்று அடுக்காகப் பிரிப்பேன். 8.05 என்று எழுதியவை ஒரு பக்கம். 7.05, 8.5 மாதிரி வந்தவை இன்னொரு பக்கம். 4.27 என்று எழுதியவை மூன்றாவது.

7.05 எழுதிய பிள்ளை மீதி ஒன்றைச் சேர்க்க மறந்திருக்கிறது. 8.5 எழுதியது நடுவில் பூஜ்யத்தை விட்டுவிட்டது. இவர்களுக்குப் பாடம் தெரியும். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு 'இன்னொரு தரம் கூட்டிப் பார்' என்று எழுதினால் போதும். 4.27 எழுதியவர்கள் கதை வேறு. அவர்கள் 4.2-ஐ 3.85-க்குக் கீழே வலது ஓரம் ஒட்டி எழுதி, 385-உம் 42-உம் 427 என்று கூட்டிவிட்டு, இரண்டு இலக்கம் தள்ளிப் புள்ளி வைத்திருக்கிறார்கள். முழு எண்ணில் பழகிய வழக்கம் அது. அங்கே கூட்டல் சரி, புள்ளிக்கு நேராகப் புள்ளி வைக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. வெறும் தப்புக் குறி போட்டால் இது பிள்ளைக்கு எப்படிப் புரியும்?

அப்படி ஏழெட்டுப் பேர் இருந்தால் அன்றைய வகுப்பு அங்கிருந்துதான் தொடங்கும். பெயர் சொல்ல மாட்டேன். "காலையிலயே 4.2 லிட்டர் ஊத்தியாச்சு கண்ணு. ரெண்டு வேளையும் சேர்ந்து 4.27-தான்னா பொழுதோட மாடு எவ்வளவு கறந்திருக்கும்?" என்று கேட்பேன். மாடு கறக்கிற வீட்டுப் பிள்ளை உடனே எழுந்து "ஒரு டம்ளர் கூட வராதுங் டீச்சர்" என்று சொல்லும். விடையை மனத்தில் ஒப்பிட்டுப் பார்க்கிற பழக்கம் அப்போது அந்த வகுப்புக்கே வருகிறது. கட்டம் போட்ட தாளில் புள்ளிக்கு ஒரு தனிக் கட்டம் ஒதுக்கி இரண்டு கணக்கு. அவ்வளவில் முடிந்தது.

'வெரிகுட்', நட்சத்திரம் எல்லாம் பிள்ளைக்குப் பிடிக்கும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு ஒரு கேள்வியும் எழுதுங்கள். 'இதை வேறு வழியில் போட முடியுமா?' 'இங்கே ஏன் வகுத்தாய்?' பிள்ளை அதற்குக் கீழே பதில் எழுதி வரும் பாருங்கள், அதில் நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

பார்த்து எழுதியதைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. ஒரே வினோதமான தப்பு ஆறு நோட்டில் இருந்தால் பஸ்ஸிலோ டியூசனிலோ நோட்டு கை மாறியிருக்கிறது என்று அர்த்தம். திட்டுவதில் பலன் இல்லை. எண்ணை மாற்றி அதே கணக்கை அரைத் தாளில் எல்லோரையும் போடச் சொன்னால் போதும். தானே போட்டவர்களுக்கு இரண்டு நிமிடம். மற்றவர்களோடு இன்டர்வெல்லில் உட்காரலாம்.

எழுதாமல் வந்த பிள்ளையிடம் காரணத்தைக் கேளுங்கள், முழுதாகக் கேளுங்கள். ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டுத் தங்கச்சிக்குச் சோறு ஆக்கிப் போட்ட பிள்ளையும் உண்டு, தெருவில் பந்து அடித்துவிட்டு வந்த பிள்ளையும் உண்டு. இருவருக்கும் ஒரே தண்டனை சரியாகாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் கொடுப்பதையும் தடை செய்கிறது. வாசலுக்கு வெளியே நிறுத்துவதை அதற்குள்தான் நான் சேர்க்கிறேன். இம்போசிசனும் வேண்டாம். தண்டனையாக ஐம்பது தடவை எழுதிய பிள்ளைக்கு எழுத்தே வெறுத்துப் போகும்.

மற்றப் பாடங்களுக்கு

கேள்வி பதிலைப் புத்தகத்திலிருந்து நோட்டுக்குப் பெயர்த்து எழுதுவதுதான் வழக்கம். அதற்குப் பதிலாக, பாடத்தை ஒரு முறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்து, நினைவுக்கு வருவதை நீல மையில் எழுதச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைக் கறுப்பு மையில் சேர்க்கட்டும். அரைப் பக்கம் போதும். காலையில் நோட்டைத் திறந்தால் கறுப்பு மை எங்கே அதிகமோ அங்கே பாடம் ஏறவில்லை என்று தெரியும். செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் காட்டியது இதைத்தான். ஐந்து நிமிடத்தில் தேர்வு வைத்தால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தால் மூடி வைத்து நினைவுபடுத்திப் பார்த்தவர்கள் முந்தினார்கள்.

சமூக அறிவியலுக்கு ஊரையே கேட்கலாம். எங்கள் சமூக அறிவியல் ஆசிரியர் கேட்ட ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. பவானிசாகர் அணையிலிருந்து வருகிற கீழ்பவானி வாய்க்கால் 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. ஒற்றைப்படை மதகுகள், இரட்டைப்படை மதகுகள் என்று முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். 'உங்கள் காட்டுக்கு (வயலுக்கு) எந்த மதகு? இந்தத் தரம் தண்ணீர் நெல்லுக்கா, கடலைக்கா? வீட்டில் பெரியவர் யாரிடமாவது கேட்டு நான்கு வரி எழுது' என்றார். படிக்காத அப்புச்சிகூட அன்றைக்கு வீட்டில் வாத்தியார் ஆகிவிட்டார்.

பெற்றோர் செய்ய வேண்டியது

எழுதிக் கொடுக்காதீர்கள். இது ஒன்றைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன். நீங்கள் போட்ட சரியான கணக்கைப் பார்த்து, பிள்ளைக்குத் தெரியும் என்று நான் நம்பி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

படிப்பு வராத பெற்றோரும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தினமும் ஒரே நேரம், ஒரே இடம் ஒதுக்கிக் கொடுங்கள். விளையாடி, கை கால் கழுவி, ஏதாவது சாப்பிட்ட பிறகு. டி.வி. அந்த நேரத்துக்கு அணைந்திருக்கட்டும். தறிச் சத்தம் ஓயாத வீடு என்றால் சத்தம் போட்டுப் படிக்கிறதைக் காலையில் வைத்துக்கொண்டு, எழுதுகிறதை மட்டும் மாலையில் முடிக்கலாம். முடித்ததும் "என்ன சாமி எழுதுன, எனக்குச் சொல்லு பாக்கலாம்" என்று கேளுங்கள். அது சரியா தப்பா என்று உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பாடம் தெரியும்.

ஒரே கணக்கில் இருபது நிமிடத்துக்கு மேல் மாட்டிக்கொண்டால் நிறுத்திவிடுங்கள். நோட்டில் 'இது வரைக்கும் வந்தது, இதற்கு மேல் தெரியவில்லை' என்று பிள்ளையே எழுதட்டும், கீழே நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். போட்ட வரை அழிக்காமல் இருக்கட்டும். எனக்கு அதைவிட உபயோகமான நோட்டு கிடையாது. ஆசிரியர்களும் அதை முடித்த வீட்டுப்பாடமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அடுத்த நாளிலிருந்து எல்லோரும் பார்த்து எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

போனில் படம் பிடித்தால் விடை வருகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே தெரியும். போனை ஒளித்து வைத்து ஜெயிக்க முடியாது. முதலில் தானே போட்டுவிட்டு, பிறகு விடையைப் போனில் சரிபார்க்கலாம் என்று வரிசையை மட்டும் மாற்றச் சொல்கிறேன். டியூசனுக்கு அனுப்புகிறவர்கள் அங்கே பள்ளி வீட்டுப்பாடத்தை எழுதி முடித்துக் கொடுக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கடைசியாகச் சில. தெர்மாகோல் எரிமலை, சார்ட் என்று கடையில் வாங்கி அப்பா ஒட்டித் தருகிற புராஜெக்ட் எதுவும் வீட்டுக்குப் போகக் கூடாது. வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பழைய அட்டையை வைத்து வகுப்பிலேயே செய்யலாம். காலாண்டு, அரையாண்டு விடுமுறைக்கு மூட்டை மூட்டையாகக் கொடுப்பதற்குப் பதில் நூலகத்திலிருந்து ஆளுக்கொரு கதைப் புத்தகம் கொடுத்தனுப்புங்கள். மாரியம்மன் நோம்பி (திருவிழா) சாட்டிக் கம்பம் நட்டுவிட்டால், அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒறம்பரை (விருந்தாளிகள்) இருக்கும், பிள்ளைகள் கம்பம் ஆடப் போவார்கள். தைப்பூசத் தேர் சமயமும் அப்படித்தான். அந்த நாட்களில் பலகையின் வலது ஓரத்தைக் காலியாக விட்டுவிடச் சொல்லி மற்ற ஆசிரியர்களிடமும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.